மலையில் வளரும் பிள்ளைகளின் எதிர்காலம்: பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கங்களில் பெற்றோரோடும் பிள்ளைகளோடும் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிகள் உண்டு. எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர்கள், கேத்தி பக்கம் கேரட் அறுவடைக்கு இருட்டிலேயே கிளம்புகிறவர்கள், ஊட்டி சீசனை நம்பி வண்டி ஓட்டுகிறவர்கள் என்று பலரும் உண்டு. அவர்களை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். சமவெளி நகரங்களில் இருந்து வரும் பிள்ளை வளர்ப்பு அறிவுரைகளில் பாதி, மழைக்காலத்தில் பஸ் வராத ஊருக்குப் பொருந்துவதில்லை.

வளர்ப்பு, படிப்பு, வாழ்க்கை அனுபவம். இந்த மூன்றில் எதுதான் எதிர்காலத்தை முடிவு செய்கிறது?

வயதைப் பொறுத்தது. ஐந்தாறு வயது வரை வீடுதான் எல்லாம். பேச்சு, பயம், நம்பிக்கை, ராத்திரி நிம்மதியாகத் தூங்குவது வரை அங்கேதான் உருவாகிறது. பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தின் கை ஓங்குகிறது. பதினைந்துக்கு மேல் நண்பர்கள், கையில் வரும் முதல் கூலி, வெளியூரில் பார்த்தது கேட்டது என்று அனுபவம் முன்னால் வந்துவிடுகிறது.

ஆனால் எங்கள் மலையில் பிள்ளைகள் எங்கே வழுக்குகிறார்கள் என்று கவனித்தால், பெரும்பாலும் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு மாறும் இடங்களில்தான். ஐந்தாவது முடிந்து ஆறாவதுக்கு வேறு ஊர்ப் பள்ளி. எட்டாவது வரை எல்லோரும் பாஸ், ஒன்பதாவதில் பாடம் திடீரென்று கழுத்தைப் பிடிக்கிறது. பத்தாவது முடிந்ததும் எந்த குரூப் என்று தெரியவில்லை. பன்னிரண்டாவது முடிந்தால் மலை இறங்க வேண்டும். இந்த நான்கு இடங்களிலும் பெரியவர் ஒருவர் பிள்ளையின் பக்கத்தில் நிற்கிறாரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அவர் அம்மாவாகவோ அப்பாவாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை.

நாங்கள் இருவரும் படிக்கவில்லை. காலையில் கொழுந்து பறிக்கப் போனால் சாயங்காலம்தான் வீடு. பிள்ளையை நாங்கள் எப்படி முன்னேற்றுவது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். கேட்கும்போது குரலில் ஒரு குற்ற உணர்வும் சேர்ந்து வரும். அது தேவையே இல்லை.

ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு தீவு. அங்கே 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அந்தப் பெற்றோரில் பலர் கரும்பு, அன்னாசித் தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள். நம் எஸ்டேட் வாழ்க்கைக்குத் தூரமான கதை இல்லை. வறுமை, வீட்டில் சண்டை, பெற்றோருக்குக் குடிப்பழக்கம் அல்லது மனநோய் என்று பல சிரமங்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்த குழந்தைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களிலும் மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ள நல்ல மனிதராக வளர்ந்திருந்தார். அப்படி வளர்ந்தவர்களிடம் பொதுவாக இருந்த ஒரு விஷயம், விட்டுப் போகாத ஒரு பெரியவர். பாட்டி, மாமா, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் சரி. அப்புறம், வீட்டில் தங்களை நம்பி ஒப்படைத்த ஒரு பொறுப்பும் பலருக்கு இருந்தது.

ஆகவே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத அம்மாவும் நிறையச் செய்யலாம். சோறு வடிக்கும்போது பிள்ளையை அடுப்படியில் உட்கார வைத்து, இன்றைக்கு ஸ்கூலில் என்ன நடந்தது என்று கேளுங்கள். "நல்லா படிச்சியா?" என்று கேட்டால் "ம்" என்று ஒரே பதில்தான் வரும். "உன் பக்கத்தில் இன்றைக்கு யார் உட்கார்ந்தது? டீச்சர் எதற்குச் சிரித்தார்? எந்தக் கணக்கு வரவில்லை?" என்று கேட்டால் பேச்சு நீளும். நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும், எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது, எங்கே சிவப்பு மை அதிகம் என்பது தெரிந்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போவது கஷ்டம்தான். ஆனாலும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது போய்விடுங்கள். தன் அம்மாவை டீச்சருக்குத் தெரியும் என்பதே ஒரு பிள்ளைக்குப் பெரிய பலம்.

பாடம் ஆரம்பிக்கும் முன் பசி தீருவதும் வளர்ப்புதான். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சமவெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது.

சின்னப் பிள்ளைதானே, அங்கன்வாடிக்கு அனுப்பாவிட்டால் என்ன?

அனுப்புங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-ல் தொடங்கி, ஏழை வீட்டுக் குழந்தைகள் 123 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்கு நல்ல முன்பள்ளி கிடைத்தது, இன்னொரு பாதிக்குக் கிடைக்கவில்லை. முன்பள்ளிக்குப் போனவர்கள் அறிவுத்திறன் தேர்வில் பெற்ற அதிக மதிப்பெண் சில ஆண்டுகளிலேயே கரைந்துவிட்டது. ஆனால் நாற்பது வயதில் பார்த்தால் அவர்களில் அதிகம் பேர் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள், வருமானம் கூடுதல், போலீஸ் கைது குறைவு. பழகுவது, காத்திருப்பது, விடாமல் முயல்வது என்று அந்த வயதில் படிந்த குணங்கள் நின்றுவிட்டன என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறார்கள்.

எஸ்டேட்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரு விஷயம். 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951-ம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. காப்பகம் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அங்கே பிள்ளையோடு யாராவது பேசுகிறார்களா, பாட்டுச் சொல்லித் தருகிறார்களா என்றும் கேளுங்கள்.

அடித்தால்தான் படிக்கிறான். அடிப்பது தப்பா?

தப்பு. அடிக்குப் பயந்து படிப்பவன், அடிக்க ஆள் இல்லாத இடத்துக்குப் போனதும் புத்தகத்தை மூடிவிடுவான். பன்னிரண்டாவது வரை பெல்ட்டுக்குப் பயந்து படித்துவிட்டு, கோவை ஹாஸ்டலில் முதல் செமஸ்டரிலேயே எல்லாப் பாடத்திலும் அரியர் வைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பள்ளியில் அடிப்பதையும் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. கண்டிப்பு வேண்டும்தான். எட்டு மணிக்குப் புத்தகம் என்றால் எட்டு மணிக்குப் புத்தகம், அதில் மாற்றம் இல்லை. அதைக் கை ஓங்காமலே சொல்லலாம்.

கடன் வாங்கியாவது ஆங்கில வழித் தனியார் பள்ளியில் சேர்ப்பதா, ஊரில் இருக்கும் அரசுப் பள்ளியே போதுமா?

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். தேயிலைப் பணத்தை நம்பிப் பிள்ளைகளை கான்வென்டில் சேர்த்திருந்த பல குடும்பங்கள் நடுவில் ஃபீஸ் கட்ட முடியாமல் தவித்தன. ஆறாவதிலோ ஏழாவதிலோ பள்ளி மாறிய பிள்ளைகளுக்குப் பாடமும் போனது, நண்பர்களும் போனார்கள். ஆகவே நான் முதலில் கேட்பது ஒன்றுதான். விலை விழுகிற ஆண்டிலும் இந்த ஃபீஸைக் கட்ட முடியுமா? முடியும் என்றால் சேருங்கள். முடியாது என்றால் தொடக்கத்திலேயே வேண்டாம். பள்ளியின் பெயரைவிட, ஒரே இடத்தில் நிம்மதியாகப் பல ஆண்டுகள் படிப்பது முக்கியம். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு உண்டு. அதற்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம். ஆனால் அது எட்டாவது வரைதான், அதற்கு மேல் என்ன செய்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்தால் கிடைப்பதையும் கணக்கில் சேருங்கள். மருத்துவப் படிப்பில் 2020-ல் இருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. உயர்கல்வியில் சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய். எட்டாவதில் எழுதும் தேசிய வருவாய்வழித் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். இந்தத் தேர்வை எழுத வைக்கச் சொல்லி ஏழாவது முடியும்போதே ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள்.

அரசுப் பள்ளியில் நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. எட்டாவது வரை யாரையும் நிறுத்துவதில்லை. வாசிக்கவே வராத பிள்ளையும் ஒன்பதாவதுக்கு வந்துவிடும், அங்கே மாட்டிக்கொள்ளும். மூன்றாவது முடிக்கும்போது பிள்ளை தமிழில் ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறதா? ஐந்தாவதில் வகுத்தல் கணக்கு வருகிறதா? வாசிக்கத் தெரிந்த யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே சோதித்துப் பாருங்கள். வரவில்லை என்றால் அந்த ஆண்டே பிடியுங்கள், ஒன்பதாவது வரை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் படகர் மொழி பேசுகிறோம், பள்ளியில் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம். பிள்ளை குழம்பிவிடாதா?

குழம்பாது. வீட்டு மொழி பலமாக இருக்கும் பிள்ளைக்கு அடுத்த மொழி எளிதாக வரும். கூடலூர்க் கடைத்தெருவில் தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றையும் கலந்து வியாபாரம் பேசும் பத்து வயதுப் பிள்ளைகளைப் பாருங்கள். அது எவ்வளவு பெரிய திறமை என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. பள்ளிக்காக வீட்டு மொழியை நிறுத்தி, சரியாக வராத ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேச ஆரம்பிக்கிறார்கள் சிலர். அதனால் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் இடையில் பேச்சே சுருங்கிப் போகிறது. அதைச் செய்யாதீர்கள்.

பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். முதல் வகுப்பில் ஆசிரியர் பேசுவதே புரியாத பிள்ளை பயந்துபோய் வருவதை நிறுத்திவிடுகிறது, அதற்கு "படிப்பு ஏறவில்லை" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். கூடலூரில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்காக நடக்கும் வித்யோதயா பள்ளியில் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களே ஆசிரியர்களாக இருந்து, தங்கள் பாட்டும் கதையும் சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். பிள்ளைக்குப் பள்ளி அந்நியமாகத் தெரிவதில்லை.

எங்கள் ஊரில் ஐந்தாவது வரைதான். ஆறாவதுக்கு பஸ் ஏற வேண்டும், காலையில் யானை நடமாட்டம். என்ன செய்வது?

முதல் உடைப்பு நடப்பது இங்கேதான். பந்தலூர், கூடலூர் பக்கம் யானை பயம் என்றால், குன்னூர், கோத்தகிரி பக்கம் காட்டெருமையும் சிறுத்தையும். தென்மேற்குப் பருவமழை வந்தால் தேவாலா பக்கம் நாள் கணக்கில் பள்ளி விடுமுறை. தனியாக நடக்கும் பிள்ளைதான் முதலில் நின்றுபோகிறது. ஆகவே ஒரே ஊரிலிருந்து நான்கைந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒரே பள்ளிக்கு அனுப்புங்கள். பஸ் நிறுத்தம் வரை முறை வைத்து ஒரு பெரியவர் கூடப் போகட்டும். ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வரும்.

அது முடியாத ஊர் என்றால் விடுதி இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறை விடுதிகளும், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் மாவட்டத்தில் உண்டு. சேர்க்கும் முன் நேரில் போய்க் கழிப்பறையையும் தண்ணீரையும் பாருங்கள், வார்டனோடு பேசுங்கள். சேர்த்த பிறகு முதல் இரண்டு மாதம் அடிக்கடி போய்ப் பாருங்கள். வீட்டு ஏக்கத்தில் ஓடி வரும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் வருகிறார்கள்.

கூடலூர் பக்கம் இன்னொரு சிக்கல், பிரிவு 17 நிலம். ஜமீன் மாதிரியான பழைய ஜென்ம நில உரிமையை ஒழித்த 1969-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், யாருக்குச் சொந்தம் என்று இன்னும் தீராத அந்த நிலங்களில் குடியிருக்கும் பல வீடுகளுக்கு மின் இணைப்புக் கிடைக்காமல் இழுபறியாகவே இருந்திருக்கிறது. விளக்கு இல்லாத வீட்டுப் பிள்ளையிடம் மார்க் மட்டும் கேட்பது நியாயம் இல்லை. ஊரில் லைட் இருக்கும் ஒரு பொது இடத்தை, நூலகமோ சமுதாயக் கூடமோ, மாலை இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குத் திறந்து வைக்கலாம். பணம் அதிகம் தேவைப்படாத வேலை, ஊர் மனது வைத்தால் நடக்கும்.

ஏப்ரல், மே சீசனில் பையன் ஊட்டியில் நன்றாகச் சம்பாதித்தான். ஜூனில் பள்ளிக்குப் போக மறுக்கிறான்.

அவன் பக்கத்து நியாயத்தை முதலில் கேளுங்கள். இரண்டு மாதம் அவனை எல்லோரும் "தம்பி, இங்க வா" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள், கையில் காசு இருந்தது, வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தான். பள்ளிக்குத் திரும்பினால் கடைசி பெஞ்ச். எந்தப் பையனுக்கும் கசக்கத்தான் செய்யும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் கீழ் இருப்பவரை எங்கும் வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், சொந்தக் குடும்பத் தொழிலில் ஆபத்தில்லாத உதவி செய்யலாம். 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்கள் கூடாது. பதினாறு வயதுப் பையனிடம் சுற்றுலா ஜீப் சாவியைக் கொடுப்பது சட்டப்படியும் தப்பு, அந்த வளைவுகளில் உயிருக்கும் ஆபத்து.

வேலை அனுபவம் கெட்டது என்று நான் நினைக்கவில்லை. வர்க்கிக் கடையில் நிற்கும் பையன் கணக்கு, பேச்சு, பொறுமை மூன்றையும் கற்றுக்கொள்கிறான். நான்கு மாநில மக்களைப் பார்க்கிறான். அந்த அனுபவத்துக்கு அடுத்த படி எது என்று காட்ட ஆள் இல்லாததுதான் கஷ்டம். அவனிடம் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். சீசனில் கிடைத்தது எவ்வளவு, ஜூலை மழையில் எவ்வளவு கிடைக்கும், நவம்பரில் எவ்வளவு? அதே ஹோட்டலில் வரவேற்பில் நிற்பவர் என்ன படித்திருக்கிறார், அவர் சம்பளம் பன்னிரண்டு மாதமும் வருகிறதா? இதை அவனே அந்த ஹோட்டல்காரரிடம் கேட்டுவிட்டு வரட்டும். ஹோட்டல் மேலாண்மை, சமையல் கலை, சுற்றுலா எல்லாம் படிப்பாகவே இருக்கின்றன என்பது அப்போது அவனுக்குப் புரியும். நீங்கள் பத்து முறை சொல்வதைவிட அவர் ஒரு முறை சொல்வது ஏறும்.

என் மகனுக்குப் பொறுமையே இல்லை. கையில் கிடைத்ததை உடனே செலவழிக்கிறான். இப்படிப்பட்டவன் முன்னேறுவானா?

இதற்கு ஒரு பழைய ஆய்வை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் என்பவர் குழந்தைகள் முன் ஒரு மிட்டாயை வைத்து, இதைச் சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு தருகிறேன் என்றார். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்று சொல்லப்பட்டது. 2018-ல் அதிகக் குழந்தைகளை வைத்துத் திரும்பவும் ஆராய்ந்தபோது, குடும்ப வசதியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு குறைந்துவிட்டது. நாளைக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கும் வீட்டில்தான் பிள்ளை காத்திருக்கும். பொங்கலுக்குச் சட்டை என்று சொன்னால் பொங்கலுக்குச் சட்டை வாங்கிக் கொடுங்கள். முடியாது என்றால் முன்பே முடியாது என்று சொல்லிவிடுங்கள். பொறுமை அப்படித்தான் வளரும்.

அப்பா தினமும் குடிக்கிறார். ராத்திரி சண்டை. என்னால் படிக்க முடியவில்லை.

தம்பி, தங்கச்சி, இந்தக் கேள்வியைக் கேட்ட எல்லோருக்கும் சொல்கிறேன். இது உங்கள் தப்பு இல்லை. அவரைத் திருத்தும் பொறுப்பும் உங்களுடையது இல்லை. அவருக்குச் சிகிச்சை தேவை, அது பெரியவர்கள் பார்க்க வேண்டிய வேலை.

உங்களுக்கு வேண்டியது சாயங்காலம் ஏழு முதல் ஒன்பது வரை உட்கார ஓர் இடமும், நடப்பதை வெளிப்படையாகச் சொல்ல ஓர் ஆளும். பாட்டி வீடு, தோழியின் வீடு, நூலகம், கோயில் மண்டபம், சர்ச் ஹால் எதுவானாலும் சரி. நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடம் சொல்லுங்கள். அடி விழுகிறது, பயமாக இருக்கிறது என்றால் 1098-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். படிப்பு பற்றியோ தேர்வுப் பயம் பற்றியோ பேச 14417 இருக்கிறது. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பெண் பிள்ளையை கோவைக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாமா? சொந்தக்காரர்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அனுப்புங்கள். இந்த மலைக்கு இது புதிது இல்லை. படகர் பெண்களில் முதல் பட்டதாரியான அக்கம்மா தேவி 1962-ல் நீலகிரித் தொகுதியில் வென்று மக்களவைக்கே போனார். சாலையும் பஸ்ஸும் இன்றைக்கு இருக்கிற மாதிரி இல்லாத காலத்தில் ஒரு குடும்பம் மகளைப் படிக்க வைத்திருக்கிறது.

பெண்ணின் திருமண வயது 18 என்பது சட்டம் வைத்த குறைந்தபட்ச எல்லை. அந்த நாளிலேயே முடித்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மூன்றாண்டுப் படிப்பை முடித்து, ஓர் ஆண்டாவது சொந்தச் சம்பளம் வாங்கிய பெண், கல்யாணத்துக்குப் பிறகு கஷ்டம் வந்தாலும் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. என் கண் முன்னால் நிறையப் பார்த்துவிட்டேன், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பயம் பாதுகாப்பைப் பற்றியது என்றால் அதற்கு வழி தேடுங்கள், படிப்பை நிறுத்துவது வழி இல்லை. மலையிலேயே ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955-ல் இருந்து இருக்கிறது. கூடலூரில் அரசு கலை அறிவியல் கல்லூரி, குன்னூரில் பெண்களுக்கென பிராவிடன்ஸ் கல்லூரி உண்டு. கோவை என்றால் முதலில் விடுதியைப் பாருங்கள், அப்புறம் கல்லூரியைப் பாருங்கள். அதே ஊரிலிருந்து ஏற்கெனவே அங்கே படிக்கும் ஓர் அக்காவின் நம்பரை வாங்கிக் கொடுங்கள்.

பத்தாவதில் மார்க் குறைவு. இனி என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. சுற்றுப் பாதை மாதிரித் தெரியும், ஆனால் கையில் தொழிலோடு போய்ச் சேரும் பாதை. குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே வாங்கி வையுங்கள், பொறியியல் கலந்தாய்வில் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். சாதிச் சான்றிதழையும் பத்தாவதிலேயே முடித்துவிடுங்கள். குறிப்பாக, 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்து டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்திலும் மற்றத் தோட்டங்களிலும் குடியேறிய குடும்பங்கள் தாத்தாவின் பழைய காகிதங்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். கல்லூரிச் சேர்க்கையின் கடைசி வாரத்தில் சான்றிதழுக்கு அலைந்து இடத்தை விட்டவர்கள் உண்டு.

கோவையில் கல்லூரி சேர்ந்தவன் மூன்றே மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். திட்டித் திருப்பி அனுப்பலாமா?

திட்ட வேண்டாம். இரண்டு நாள் சாப்பிடட்டும், தூங்கட்டும். அப்புறம் கேளுங்கள். வெயில் தாங்கவில்லை, வகுப்பில் ஆங்கிலம் புரியவில்லை, ஹாஸ்டலில் பேச்சைக் கிண்டல் செய்கிறார்கள், காசு இல்லாமல் மத்தியானம் சாப்பிடவில்லை என்று ஏதாவது ஒரு சின்னக் காரணம்தான் பெரும்பாலும் அடியில் இருக்கும். சின்னக் காரணத்துக்குச் சின்ன வழி உண்டு. காசுதான் பிரச்சினை என்றால், 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்கு வங்கியில் சொத்துப் பிணை தேவையில்லை, பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும்.

எங்கள் ஊர்களில் முந்நூறு பேரும் முகம் தெரிந்தவர்கள். அங்கிருந்து அறுபது பேர் வகுப்புக்குள் யாருமற்றவனாகப் போய் உட்காருவது சின்ன விஷயம் இல்லை. பன்னிரண்டாவது விடுமுறையிலேயே பிள்ளையைத் தனியாக மேட்டுப்பாளையம், கோவை என்று நாலு தடவை பஸ்ஸில் போய் வரச் சொல்லுங்கள். வங்கியில் படிவம் நிரப்புவது, டாக்டரிடம் தானே பேசுவது, துணி துவைப்பது எல்லாவற்றையும் அப்போதே பழக்கிவிடுங்கள்.

படித்துவிட்டு ஊருக்கே திரும்பித் தோட்டத்தைப் பார்ப்பது தோல்வியா?

இல்லை. வேறு வழி இல்லாமல் திரும்புவது வேறு, விரும்பித் திரும்புவது வேறு. தேயிலை தெரிந்த, கணக்குத் தெரிந்த, குன்னூர் ஏலத்தில் விலை எப்படிப் போகிறது என்று பார்க்கத் தெரிந்த ஓர் இளைஞர், அப்பாவைவிட நன்றாக அந்த அரை ஏக்கரை நடத்த முடியும். ஆனால் தேயிலை விலையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், கையில் இன்னொரு தொழிலும் இருக்கட்டும்.

எனக்கு 22 வயது. பத்தாவதில் நின்றுவிட்டேன். இனிமேல் படித்து என்ன ஆகப் போகிறது?

கவாய் தீவு ஆய்வில் இன்னொரு பாதி உண்டு. பதினெட்டு வயதில் படிப்பை விட்டு, வம்பில் மாட்டியிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டிருந்தார்கள். அவர்களை நிமிர்த்தியவை பெரியவர்களுக்கான கல்லூரி, ராணுவ வேலை, நல்ல துணை, தாங்கிப் பிடித்த ஒரு சமூகம் போன்ற இரண்டாம் வாய்ப்புகள். இருபத்திரண்டு என்பது அந்தக் கணக்கில் சின்ன வயது.

பத்தாவது தேர்ச்சி இல்லை என்றால் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பதால் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் இப்போதே விசாரியுங்கள். வேலையை விடாமல் பட்டம் படிக்க, பன்னிரண்டாவதுக்குப் பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கையில் தொழில் வேண்டும் என்றால் குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. எட்டாவது தேறியவர்களுக்கும் சில பிரிவுகள் உண்டு. ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவச பஸ் பாஸும் கிடைக்கும். முடித்தபின் அரவங்காடு கார்டைட் தொழிற்சாலை போன்ற இடங்களில் அப்ரண்டிஸ் அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம்.

ஐடிஐ சேர்க்கை பெரும்பாலும் பள்ளித் தேர்வு முடிவுகள் வந்ததை ஒட்டி ஆரம்பிக்கும். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ ஆகியவற்றை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஊரில் ஏற்கெனவே அங்கே படித்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.